பிளஸ் ஒன் பிள்ளைக்கு யார் சாப்பாடு போடுவது?

வீட்டு பீரோவில் பத்திரமாக வைத்திருக்கும் தடுப்பூசி அட்டையை எடுத்துப் பாருங்கள். பிறந்த அன்று போட்ட பிசிஜி தொடங்கி ஆறாவது வாரம், பத்தாவது வாரம், பதினாலாவது வாரம், ஒன்பதாம் மாதம், ஒன்றரை வயது என்று கட்டங்கள் வரிசையாக நிறைந்திருக்கும். நர்சம்மாவின் கையெழுத்து இருக்கும். அங்கன்வாடியில் மாதாமாதம் எடை பார்த்துப் புள்ளி வைத்த வளர்ச்சிக் கோடும் இருக்கும். ஐந்து வயது பூஸ்டரோடு பெரும்பாலான வீடுகளில் எல்லாம் நின்றுபோகிறது. 10 வயதில் ஒன்று, 16 வயதில் ஒன்று என்று அரசே இலவசமாகப் போடும் ‘டிடி’ ஊசி இருக்கிறது. தொண்டை அடைப்பானுக்கும் ரணஜன்னிக்கும் எதிரானது. தன் பிள்ளைக்கு அது போட்டாயிற்றா என்று பத்தாம் வகுப்புப் பிள்ளையின் பெற்றோரைக் கேட்டால் யோசிக்க ஆரம்பித்துவிடுவார்கள். கடைசியாக எப்போது எடை பார்த்தீர்கள், உயரம் அளந்தீர்கள் என்று கேட்டால் அதற்கும் பதில் வராது. மார்க் கேட்டால் பாடவாரியாகச் சொல்வார்கள்.

கைக்குழந்தை விஷயத்தில் நாம் காட்டும் அக்கறை பாராட்டத்தக்கது. ஆனால் பள்ளிக்கூடம் சேர்ந்த பிறகு பிள்ளையின் உடம்பு நம் கணக்கிலிருந்தே விலகிவிடுகிறது. காய்ச்சல் வந்தால் டாக்டர், இல்லாவிட்டால் ஒன்றுமில்லை. 10 முதல் 18 வயது வரை, குழந்தைப் பருவத்துக்கு அடுத்தபடியாக உடம்பு மிக வேகமாக வளரும் காலத்தில்தான் வீடும் பள்ளியும் அரசும் ஒவ்வொன்றாகக் கையை எடுக்கின்றன. இந்தக் கட்டுரையில் சொல்ல வருவது அதைத்தான்.

அம்மாவைவிட மகளுக்கு அதிகம் வேண்டும்

ஹைதராபாத்தில் உள்ள தேசிய ஊட்டச்சத்து நிறுவனம், எந்த வயதுக்கு எவ்வளவு சத்து வேண்டும் என்று 2020-ல் ஒரு பரிந்துரைப் பட்டியல் வெளியிட்டது. அதில் இரும்புச்சத்து வரிசையை ஒருமுறை ஓட்டிப் பாருங்கள். வளர்ந்த ஆணுக்கு ஒரு நாளைக்கு 19 மில்லிகிராம். 16 முதல் 18 வயதுப் பையனுக்கு 26. வளர்ந்த பெண்ணுக்கு 29. அதே 16 முதல் 18 வயதுப் பெண்ணுக்கு 32. அப்பாவைவிட மகனுக்கும், அம்மாவைவிட மகளுக்கும் அதிகம் தேவை. வீட்டிலேயே மிக அதிகமாக இரும்புச்சத்து வேண்டியிருப்பது பிளஸ் ஒன், பிளஸ் டூ படிக்கும் பெண்ணுக்குத்தான்.

காரணம் எளிது. உயரம் கூடும்போது ரத்தத்தின் அளவும் கூட வேண்டும். தசையும் பெருக வேண்டும். இரண்டுக்கும் இரும்பு தேவை. பெண் பிள்ளைக்கு இதோடு மாதவிலக்கும் சேர்ந்துகொள்கிறது. ஒரு மில்லி ரத்தத்தில் ஏறக்குறைய அரை மில்லிகிராம் இரும்பு இருக்கிறது. மாதம் 30, 40 மில்லி ரத்தம் போனால் 15 முதல் 20 மில்லிகிராம் இரும்பு போய்விடுகிறது. சோறு, கீரை, பருப்பிலிருந்து உடம்பு எடுத்துக்கொள்ளும் இரும்பு, அதில் இருப்பதில் பத்தில் ஒரு பங்குகூடத் தேறுவதில்லை. போனதை ஈடுகட்டத் தினமும் நிறையச் சாப்பிட வேண்டும். நம் பெண்களோ அந்த வயதில்தான் காலைச் சாப்பாட்டை விடுகிறார்கள்.

2019-21 தேசியக் குடும்ப நல ஆய்வின்படி, தமிழ்நாட்டில் ஆறு மாதம் முதல் ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைகளில் 57.4 சதவீதம் பேருக்கு ரத்தசோகை. 15 முதல் 49 வயதுப் பெண்களில் 53.4 சதவீதம். மருத்துவமனைப் பிரசவத்திலும் தடுப்பூசியிலும் நாட்டுக்கே வழிகாட்டும் ஒரு மாநிலத்தின் கணக்கு இது. இடைப்பட்ட வயதுக்கு, 2016-18-ல் ரத்தநாளத்திலிருந்தே ரத்தம் எடுத்துச் செய்த தேசிய அளவிலான விரிவான ஊட்டச்சத்து ஆய்வு இருக்கிறது. 10 முதல் 19 வயதுக்குள், பெண்களில் 40 சதவீதம் பேருக்கும் பையன்களில் 18 சதவீதம் பேருக்கும் ரத்தசோகை இருந்தது. அந்த ஆய்வு இன்னொன்றும் சொன்னது. இரும்பு மட்டுமல்ல, ஃபோலிக் அமிலமும் பி12 வைட்டமினும்கூடப் பெரிய அளவில் குறைவாக இருக்கின்றன. பி12 கீரையில் கிடைக்காது. பால், தயிர், முட்டை, மீன், கறியில்தான் கிடைக்கும்.

ரத்தசோகை சத்தம் போட்டுக்கொண்டு வருவதில்லை. பிரேயரில் மயங்கி விழும் பெண் கடைசிக் கட்டம். அதற்கு முன்னால் எத்தனையோ அடையாளங்கள் தெரிகின்றன. இரண்டு மாடி ஏறினால் மூச்சு வாங்குவது, மத்தியான வகுப்பில் தலை சாய்வது, முடி கொட்டுவது, கண்ணின் கீழ் இமையை இழுத்துப் பார்த்தால் வெளிறிக் கிடப்பது. இதில் ஒன்றைத் தனியாகச் சொல்ல வேண்டும். பச்சரிசியை அள்ளி அள்ளி மெல்லும் பெண்ணையும், பல்பம் கடிக்கும் பிள்ளையையும் நாம் திட்டுகிறோம். ‘அரிசி தின்றால் கல்யாணத்தன்று மழை வரும்’ என்று பாட்டிகள் கேலி செய்வார்கள். பல நேரங்களில் அது உடம்பில் இரும்பு வற்றிப்போனதன் அறிகுறி. திட்டுவதற்குப் பதில் ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு அழைத்துப் போய் ஹீமோகுளோபின் பார்க்க வேண்டும். 12 முதல் 14 வயது வரை 12 கிராமுக்குக் கீழே இருந்தால் ரத்தசோகை. 15-க்கு மேல் பெண்ணுக்கு 12, பையனுக்கு 13.

குறைந்திருந்தால் டாக்டர் சொல்லும் மாத்திரையை ‘ரத்தம் ஏறிவிட்டது’ என்று தெரிந்ததும் நிறுத்திவிடக் கூடாது. அளவு சரியான பிறகும் இரண்டு மூன்று மாதம் சாப்பிட்டால்தான் உடம்பின் கையிருப்பு நிறையும்.

உளுந்தங்களியும் சுவரொட்டியும்

பெண் வயசுக்கு வந்தால் உளுந்தங்களி கிண்டி, நல்லெண்ணெயும் கருப்பட்டியும் ஊற்றிக் கொடுப்பது தென்மாவட்டங்களில் இன்றும் இருக்கும் வழக்கம். தாய்மாமன் வீட்டிலிருந்து முட்டை வரும். ‘ரத்தம் கம்மி’ என்று யாராவது சொன்னால் கறிக்கடைக்காரரிடம் சொல்லி வைத்து ஆட்டுச் சுவரொட்டி வாங்கி வந்து, சின்ன வெங்காயமும் மிளகும் போட்டு வதக்கித் தருவார்கள். வளர்கிற பெண்ணுக்குப் புரதமும் கொழுப்பும் இரும்பும் வேண்டும் என்பது இந்தச் சமையலறைகளுக்குத் தெரிந்திருந்தது. கறி, ஈரல், மீனில் உள்ள இரும்பைக் கீரையில் உள்ளதைவிடச் சுலபமாக உடம்பு எடுத்துக்கொள்கிறது.

வருத்தம் என்னவென்றால், சடங்கு முடிந்ததும் இந்தக் கவனிப்பும் முடிந்துவிடுகிறது. பந்தலைப் பிரித்த மறுவாரமே அந்தப் பெண் வீட்டில் கடைசியாகச் சாப்பிடுகிறவளாகிவிடுகிறாள். குழம்பில் கடைசித் துண்டு தம்பிக்கு, பால் பாட்டிக்கு, அவளுக்கு ரசம் சாதம். உடம்பின் தேவையோ அன்றுதான் ஆரம்பிக்கிறது. அடுத்த முப்பது வருடம் அது பெரிதாகக் குறையப் போவதில்லை.

ரத்தம் ஊற பீட்ரூட் கொடுப்பவர்கள் உண்டு. பீட்ரூட் நல்ல காய்தான். ஆனால் 100 கிராமில் ஒரு மில்லிகிராம் இரும்புகூட இல்லை. சிவப்பாக இருப்பதெல்லாம் ரத்தமாகிவிடாது. கம்பில் 100 கிராமுக்கு 6 மில்லிகிராமுக்கு மேல் இருக்கிறது. கொண்டைக்கடலை, தட்டைப்பயறு, முருங்கைக்கீரை, எள்ளில் இருக்கிறது. கேழ்வரகில் இரும்போடு 100 கிராமுக்கு 350 மில்லிகிராம் அளவுக்குச் சுண்ணாம்புச் சத்தும் இருக்கிறது. வாழ்நாள் முழுக்கத் தாங்க வேண்டிய எலும்பின் பெரும்பகுதி இந்தப் பருவத்தில்தான் உருவாகிறது என்பதால் கூழும் களியும் அடையும் மறுபடி நம் பிள்ளைகள் தட்டுக்கு வர வேண்டும்.

எதோடு சேர்த்துச் சாப்பிடுகிறோம் என்பது எவ்வளவு சாப்பிடுகிறோம் என்பதைப் போலவே முக்கியம். கீரைக்கும் பயறுக்கும் பக்கத்தில் வைட்டமின் சி இருந்தால் இரும்பு அதிகமாக உள்ளே போகும். சுண்டலில் எலுமிச்சை பிழிவதும், சாப்பாட்டோடு ஒரு நெல்லிக்காய், கொய்யாப்பழத் துண்டு வைப்பதும் போதும். டீ இதற்கு நேர் எதிரி. சாப்பாட்டோடு குடிக்கும் டீ, கீரையிலும் பருப்பிலும் உள்ள இரும்பில் பாதிக்கு மேல் உடம்பில் சேரவிடாமல் செய்துவிடும். காலையில் டீயும் வர்க்கியும், சாயங்காலம் டீயும் பிஸ்கெட்டும் என்று வளரும் பிள்ளைகளின் வீடுகளில், டீயைச் சாப்பாட்டிலிருந்து ஒரு மணி நேரம் தள்ளி வைப்பது காசு செலவில்லாத வைத்தியம்.

மாத்திரை நாள்

6 முதல் 12-ம் வகுப்பு வரை பள்ளிகளில் வாரம் ஒரு நாள் இரும்பு, ஃபோலிக் அமில மாத்திரை தருகிறார்கள். நீல நிற மாத்திரை. சின்ன வகுப்புகளுக்கு இளஞ்சிவப்பு. திட்டம் நல்ல திட்டம். நடைமுறையில் என்ன ஆகிறது? மத்தியானச் சாப்பாட்டுக்குப் பின் டீச்சர் மேஜையில் மாத்திரை அட்டையை வைத்து ஒவ்வொருவராகக் கூப்பிடுவார். பிள்ளை வாயில் போட்டுத் தண்ணீர் குடிக்கும், நாக்கைக் காட்டும், வெளியே போய்க் குழாயடியில் துப்பிவிட்டு வரும். முதல் வாரம் ஒருத்தி வெறும் வயிற்றில் போட்டு வாந்தி எடுத்திருப்பாள். அதைப் பார்த்த வகுப்பு முழுக்க அடுத்த வாரத்திலிருந்து துப்பும். மலம் கறுப்பாகப் போனதைப் பார்த்து அம்மா பயந்து ‘இனிமே போடாதே’ என்றிருப்பார்.

கறுப்பாகப் போவது மாத்திரையின் இயல்பு, ஆபத்தில்லை. சாப்பிட்ட பிறகு போட்டால் குமட்டல் குறையும். டீ, பாலோடு போடக் கூடாது. இந்த மூன்றையும் பெற்றோர் கூட்டத்தில் ஐந்து நிமிடம் சொல்லியிருந்தால் குழாயடியில் அத்தனை நீல மாத்திரைகள் கிடக்காது. மாத்திரையைக் கொள்முதல் செய்யவும் ஊர் ஊராகச் சேர்க்கவும் இவ்வளவு பாடுபடுகிறோம், அது எதற்கு என்று பிள்ளையிடம் சொல்ல மட்டும் நேரமில்லை என்பதை ஏற்க முடியவில்லை.

பூச்சி மாத்திரையும் இதே கதைதான். 1 முதல் 19 வயது வரை வருடத்துக்கு இரண்டு முறை அல்பெண்டசோல் கொடுக்கிறார்கள். கொக்கிப்புழு குடலில் ஒட்டிக்கொண்டு ரத்தத்தை உறிஞ்சுகிறது. வெறுங்காலோடு நடக்கையில் பாதம் வழியாகவே உடம்புக்குள் ஏறுகிறது. புழுவை வைத்துக்கொண்டு கீரை போட்டால் பாதி புழுவுக்குத்தான். மாத்திரைக்குப் பயந்து அன்று பிள்ளையை லீவு போட வைக்கும் பெற்றோர் இதை யோசிக்க வேண்டும்.

ரேஷன் அரிசிக்கு வருவோம். இரும்பு, ஃபோலிக் அமிலம், பி12 சேர்த்த செறிவூட்டப்பட்ட அரிசியை நூற்றுக்கு ஒன்று என்ற கணக்கில் கலந்து வந்திருக்கிறார்கள். களையும்போது அந்தச் சில அரிசி மிதக்கும். ‘பிளாஸ்டிக் அரிசி’ என்று வாட்ஸ்அப்பில் வந்ததை நம்பி, சத்துள்ள அந்த அரிசியையே தேடிப் பொறுக்கிக் குப்பையில் போட்ட வீடுகள் உண்டு. அது அரிசி மாவில் சத்து கலந்து திரும்ப அரிசியாகவே அச்சிட்டது. தலசீமியா போன்ற ரத்தக் குறைபாடு உள்ளவர்கள் மட்டும் டாக்டரைக் கேட்டுக்கொள்ள வேண்டும். மற்றவர்கள் பயப்பட ஒன்றுமில்லை.

ஊசி போட வேண்டிய வயது

2017 பிப்ரவரியில் தமிழ்நாட்டில் தட்டம்மை - ரூபெல்லா தடுப்பூசி முகாம் தொடங்கியபோது நடந்தது பலருக்கு நினைவிருக்கும். ஒன்பது மாதம் முதல் 15 வயது வரை எல்லோருக்கும் போட வேண்டும். வதந்தி முந்திக்கொண்டது. பள்ளி வாசலில் பெற்றோர் கூடி நின்று ‘எங்க பிள்ளைக்கு வேண்டாம்’ என்றார்கள். சுகாதாரத் துறை முகாமை நீட்டிக்க வேண்டியதாயிற்று. ரூபெல்லா சாதாரணக் காய்ச்சல் மாதிரி வந்து போகும். ஆனால் கர்ப்பிணிக்கு வந்தால் பிறக்கும் குழந்தையின் கண், காது, இதயத்தைப் பாதிக்கும். பத்து வயதுச் சிறுமிக்குப் போடும் ஊசி, அவளுக்குப் பிறக்கப்போகும் குழந்தைக்கும் சேர்த்துத்தான்.

இப்போது அதே சோதனை ஹெச்பிவி தடுப்பூசிக்கு வருகிறது. கருப்பை வாய்ப் புற்றுநோய்க்குக் காரணம் ஹெச்பிவி என்ற வைரஸ். இந்த உண்மையைக் கண்டறிந்த ஜெர்மானிய விஞ்ஞானி ஹரால்ட் சுர் ஹவுசனுக்கு 2008-ல் நோபல் பரிசு கிடைத்தது. இந்தியாவில் ஆண்டுக்கு ஏறக்குறைய 80 ஆயிரம் பெண்கள் இந்தப் புற்றுநோயில் இறக்கிறார்கள். பெரும்பாலும் தடுத்திருக்கக்கூடிய மரணங்கள். வைரஸ் உடம்பில் நுழைவதற்கு முன்பே போட்டால்தான் ஊசிக்கு முழுப் பலன், அதனால்தான் 9 முதல் 14 வயது என்கிறார்கள். இந்த வயதுக்கு ஒரே டோஸ்கூடப் போதும் என்று உலக சுகாதார நிறுவனம் 2022-ல் சொல்லிவிட்டது. தமிழக அரசு 2025-26 நிதிநிலை அறிக்கையில் 14 வயதுப் பெண்களுக்குப் படிப்படியாக இதைப் போட 36 கோடி ரூபாய் ஒதுக்கியது. ‘சின்னப் பொண்ணுக்கு எதுக்கு இந்த ஊசி’ என்ற கூச்சம் பல வீடுகளில் எழும். கூச்சத்தை வைத்துக்கொண்டு மகளை ஒரு புற்றுநோய்க்கு விட்டுக்கொடுக்க முடியாது. பக்கத்து ஆரம்ப சுகாதார நிலையத்தில் கேளுங்கள். மகளிடமும் பேசுங்கள்.

கண்ணையும் பல்லையும் மறந்துவிடுகிறோம். கரும்பலகை தெரியாமல் பின்தங்கும் பிள்ளையைப் ‘படிப்பு ஏறாத பிள்ளை’ என்று முத்திரை குத்திவிடுவார்கள். அரசுப் பள்ளிகளுக்கு வரும் நடமாடும் மருத்துவக் குழு கண், காது, பல், இதயம் எல்லாம் பார்க்கிறது. கண்ணாடியும் இலவசமாகக் கிடைக்கிறது. தனியார் பள்ளிப் பெற்றோர் இதைத் தாங்களாகத்தான் செய்துகொள்ள வேண்டும், வருடத்துக்கு ஒரு முறையாவது.

பள்ளிக்கூட வாசலில் நாலு மணி

மெலிந்த பிள்ளை ஒரு பக்கம் என்றால், ஊதிக்கொண்டே போகும் பிள்ளை இன்னொரு பக்கம். தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயதுப் பெண்களில் 40.4 சதவீதம் பேர் அளவுக்கு மீறிய எடை உள்ளவர்கள் என்கிறது அதே குடும்ப நல ஆய்வு. இதற்குக் காரணமான சாப்பாட்டுப் பழக்கம் நாற்பது வயதில் ஆரம்பிப்பதில்லை. பருமனாக இருக்கும் பிள்ளைக்கும் ரத்தசோகை இருக்கலாம் என்பதைப் பலர் நம்ப மறுக்கிறார்கள். வயிறு நிறைந்திருக்கும், சத்து இருக்காது.

பள்ளி வாசலிலிருந்து 50 மீட்டருக்குள் கொழுப்பு, உப்பு, சர்க்கரை அதிகமுள்ள தின்பண்டங்களை விற்கக் கூடாது என்று மத்திய உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2020-ல் விதி கொண்டுவந்தது. சாயங்காலம் நாலு மணிக்கு எந்தப் பள்ளி வாசலிலும் போய் நில்லுங்கள். ஐந்து ரூபாய்ச் சிப்ஸ் பாக்கெட் சரம் சரமாகத் தொங்கும். 250 மில்லி கோலா பாட்டிலில் 26 கிராம் அளவுக்குச் சர்க்கரை, ஐந்து ஸ்பூனுக்கு மேல். ஒரு நாள் முழுவதற்கும் 25 கிராமுக்குள் இருப்பது நல்லது என்கிறது உலக சுகாதார நிறுவனம். பெட்டிக்கடைக்காரரைக் குறை சொல்லிப் பயனில்லை. அதே ஐந்து ரூபாய்க்கு அங்கே அவித்த கடலையும் கொய்யாவும் கிடைக்கும்படி செய்ய வேண்டும். அது உள்ளாட்சியின் வேலை.

கையை எடுக்கும் இடம்

1920-ல் சென்னை மாநகராட்சி ஆயிரம்விளக்குப் பள்ளியில் மதிய உணவு போட்டது. 1956-ல் காமராஜர் அதை மாநிலம் எங்கும் கொண்டுபோனார். 1982 ஜூலை 1 அன்று எம்.ஜி.ஆர். சத்துணவைத் தொடங்கினார். 1989-ல் கலைஞர் முட்டை சேர்த்தார். இரண்டு வாரத்துக்கு ஒன்றாக இருந்த முட்டை இன்று வாரம் ஐந்து. 2022 செப்டம்பர் 15 அன்று மதுரையில் காலை உணவுத் திட்டம் வந்தது. கட்சி எதுவானாலும் பிள்ளைக்குச் சோறு போடுவதில் யாரும் பின்வாங்காத மாநிலம் இது. காலையில் எட்டரை மணிக்கு ஒரு ஊராட்சித் தொடக்கப் பள்ளியில் போய்ப் பாருங்கள். மகளிர் சுயஉதவிக் குழுவைச் சேர்ந்த அம்மாக்கள் இறக்கிவைத்த அண்டாவிலிருந்து ரவா கிச்சடியும், காய் போட்ட சாம்பாரும் ஆவி பறக்கத் தட்டில் விழும். முதல் பிரியடில் தூங்கி வழியும் முகங்கள் குறைந்துவிட்டன என்று ஆசிரியர்கள் சொல்கிறார்கள்.

ஆனால் 2025 ஆகஸ்டில் நகர்ப்புற உதவிபெறும் பள்ளிகள் வரை விரிவாக்கியபோதும் காலை உணவின் எல்லை ஐந்தாம் வகுப்புதான். சத்துணவின் எல்லை பத்தாம் வகுப்பு. 10 வயதில் காலைத் தட்டு போகிறது, 15 வயதில் மத்தியானத் தட்டு போகிறது. ஒரு நாளைக்கு 32 மில்லிகிராம் இரும்பு வேண்டிய பிளஸ் ஒன் மாணவிக்கு அரசு தருவது வாரம் ஒரு மாத்திரை மட்டும். காலை ஏழரைக்குச் சிறப்பு வகுப்பு, ஏழு மணி பஸ். வீட்டில் உலை கொதிக்கும் முன்பே கிளம்பிவிடுகிறாள். அம்மா நூறு நாள் வேலைக்கோ கம்பெனிக்கோ போகிறவர். அந்தப் பெண் மத்தியானம் வரை ஒரு டம்ளர் டீயில் இயற்பியல் படிக்கிறாள். பொதுத்தேர்வு முடிவில் விழுக்காடு குறைந்தால் மட்டும் கூட்டம் போட்டு ஆராய்கிறோம்.

சமையல்கூடம் இருக்கிறது, சமைப்பவர்கள் இருக்கிறார்கள், அரிசி இருக்கிறது. பல வளாகங்களில் ஆறு முதல் பத்து வரைக்கும் தினமும் உலை வைக்கத்தான் செய்கிறார்கள். பக்கத்துக் கட்டடத்தில் பிளஸ் டூ பிள்ளை பசியோடு உட்கார்ந்திருக்கிறது. செலவு ஆகும், மறுக்கவில்லை. ரத்தசோகையோடு கல்யாணமாகி, ரத்தசோகையோடு பிரசவத்துக்கு வந்து, எடை குறைந்த குழந்தையைப் பெற்று, அந்தக் குழந்தைக்கு அங்கன்வாடியில் சத்துமாவு கொடுத்துத் தேற்றும் செலவும் இதே அரசின் செலவுதான்.

அரசுப் பள்ளிகளில் பள்ளி மேலாண்மைக் குழு இருக்கிறது, அதில் பெற்றோர்தான் பெரும்பான்மை. ஊரில் வருடத்துக்கு ஆறு கிராம சபை நடக்கிறது. அடுத்த கூட்டத்தில் எழுந்து கேளுங்கள்: மருத்துவக் குழு நம் பள்ளிக்கு எந்தத் தேதியில் வருகிறது, 10 வயதிலும் 16 வயதிலும் டிடி ஊசி எத்தனை பேருக்குப் போட்டாயிற்று, பெண் பிள்ளைகளுக்கு ஹீமோகுளோபின் பார்த்தார்களா. அதே கூட்டத்தில், காலை உணவும் மதிய உணவும் பன்னிரண்டாம் வகுப்பு வரை வேண்டும் என்று தீர்மானம் எழுதிக் கையெழுத்துப் போட்டு மாவட்ட ஆட்சியருக்கு அனுப்புங்கள்.